பழம் தின்னு கொட்டை போட்டவர்களுக்கு என்ன விலை?

இன்னைக்கு ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம். 38, 33, 33, 33, 32. இது ஏதோ ஆபீஸ் டீமோட வயசு லிஸ்ட் இல்லை. 2011 ஜூன் மாசம் என்.பி.ஏ. ஃபைனல்ஸுக்கு வந்த டல்லாஸ் மேவரிக்ஸ் அணியில் அஞ்சு பேரோட வயசு. பாயின்ட் கார்ட் ஜேசன் கிட்டுக்கு 38. ஜேசன் டெர்ரி, ஷான் மேரியன், பேஜா ஸ்டோயாகோவிச் மூணு பேருக்கும் 33. டிர்க் நொவிட்ஸ்கிக்கு 32, ஃபைனல்ஸ் முடிஞ்ச அடுத்த வாரம் 33.

நமக்கு இதெல்லாம் ஒரு வயசே இல்லை. ஆனா பேஸ்கெட்பாலில் இது வீட்டுக்குக் கிளம்புற வயசு. ஒரு சீசனுக்கு 82 மேட்ச். அதுக்கு மேல பிளேஆஃப், அதில் ஒவ்வொரு சுற்றும் ஏழு மேட்ச் வரைக்கும் இழுக்கும். குதிக்கணும், ஓடணும், சடார்னு நிக்கணும், திரும்பவும் ஓடணும். முப்பதைத் தாண்டினாலே முழங்கால் கணக்குக் கேட்க ஆரம்பிச்சிடும்.

எதிரில் மியாமி ஹீட். லெப்ரான் ஜேம்ஸ் 26, கிறிஸ் போஷ் 27, டுவைன் வேட் 29. மூணு பேரும் ஒரே டீமில் சேர்ந்ததற்கு 2010 ஜூலையில் மேடை போட்டு, புகை விட்டு, ஒரு பந்தைக்கூடத் தொடுவதற்கு முன்னாடியே கொண்டாட்டம் நடத்தினார்கள். ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை, வரிசையா கோப்பை வரும்னு லெப்ரான் அந்த மேடையில் சொன்னார். அன்னைக்கு யாரும் சிரிக்கவும் இல்லை. அவர்களைப் பார்த்தால் நடக்கும்னுதான் தோணுச்சு.

இளங்கால்களா, பழுத்த தலைகளா? இந்தச் சண்டை இந்த லீகில் ரொம்பப் பழசு. 1969ல் பாஸ்டன் செல்டிக்ஸ் கிழக்குப் பிரிவில் நாலாவது இடத்தில்தான் பிளேஆஃபுக்கு வந்தது. 35 வயசு பில் ரஸ்ஸல் ஆட்டக்காரரும் அவரே, கோச்சும் அவரே. கூட சாம் ஜோன்ஸ், அவருக்கும் 35. ஏழாவது மேட்ச் லாஸ் ஏஞ்சலஸில். ஜெயிச்சதும் கொட்டுறதுக்கு லேக்கர்ஸ் முதலாளி கூரையில் பலூன் மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பாஸ்டன் 108-106ன்னு ஜெயிச்சது. பலூன் கூரையிலேயே இருந்தது. வயசான டீம் பற்றி அமெரிக்காவில் யார் பேசினாலும் அந்த பலூன் கதை வந்தே தீரும், அதனால நானும் சொல்லிட்டேன். நாம டல்லாஸுக்குப் போவோம்.

2011 டீமைப் புரிஞ்சுக்க 2006க்குப் போகணும். அந்த வருஷமும் ஃபைனல்ஸ், அதே மியாமி. மேவரிக்ஸ் 2-0ன்னு முன்னிலை. மூணாவது மேட்ச்சில் ஆறரை நிமிஷம் பாக்கி இருக்கும்போது 13 பாயின்ட் முன்னிலை. கோப்பை கிட்டத்தட்ட கையில். அந்த மேட்ச்சைத் தோற்றார்கள். அதுக்கு அடுத்த மூணையும் தோற்றார்கள். மறு வருஷம் 67 மேட்ச் ஜெயிச்சு, நொவிட்ஸ்கி எம்.வி.பி. விருதும் வாங்கி, பிளேஆஃப் முதல் சுற்றிலேயே எட்டாவது இடத்தில் இருந்த கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் அவுட். விருதை வாங்கும்போது டீம் ஏற்கெனவே வெளியே. இதைவிட சங்கடமான பரிசளிப்பு விழா இருக்க முடியாது. ‘முக்கியமான நேரத்தில் கை நடுங்கும்’னு நொவிட்ஸ்கி மேல் ஒரு முத்திரை விழுந்தது. பல வருஷம் அது போகவே இல்லை.

2008 பிப்ரவரியில் டல்லாஸ் ஒரு டிரேட் செய்தது. 24 வயசு டெவின் ஹாரிஸையும், எதிர்கால டிராஃப்ட் உரிமைகள் இரண்டையும் நியூ ஜெர்சி நெட்ஸுக்குக் கொடுத்து, 34 வயசு ஜேசன் கிட்டை வாங்கியது. ஹாரிஸ் மின்னல் வேக ஆள். அடுத்த வருஷமே ஆல்-ஸ்டார் ஆனார். குதிரையை வித்து வண்டி வாங்கிட்டாங்கன்னு சொல்றதுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

கிட் சின்ன வயசிலிருந்தே மைதானம் முழுக்க ஒரே பார்வையில் படிக்கிற ஆள். ஆனா தூரத்திலிருந்து எறியத் தெரியாது. ‘ஜேசன்’ பெயரிலிருந்து ‘ஜே’யை எடுத்துட்டு ‘ஏசன்’னு கிண்டல் செய்வாங்க. ஏன்னா அவரிடம் ஜம்ப் ஷாட் கிடையாது, அதனால் ‘ஜே’யும் கிடையாது! முதல் வருஷம் அவர் எறிந்த த்ரீ-பாயின்ட்டர்களில் உள்ளே போனது 27.2 சதவீதம். 2009-10 சீசனில், 36 வயசில், அது 42.5 சதவீதம். வேகம் குறையக் குறைய, வேகம் தேவைப்படாத ஒரு வேலையை உட்கார்ந்து கத்துக்கிட்டார். ரிட்டயர் ஆகும்போது என்.பி.ஏ. வரலாற்றிலேயே அதிக த்ரீ-பாயின்ட்டர் போட்டவர்களில் மூணாவது இடம் அவருக்கு. அனுபவம்னு நாம பொத்தாம் பொதுவா சொல்றோமே, அதில் ஒரு பகுதி இது. உடம்பு எதைத் திருப்பி எடுத்துக்கப் போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சு, அதுக்குப் பதிலா வேற ஒண்ணைச் சேர்த்து வைக்கிறது.

இன்னொரு பகுதி டிஃபென்ஸில் இருக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க.

என்.பி.ஏ.வில் ரொம்ப காலம் ஸோன் டிஃபென்ஸ் தடை. ஒவ்வொருத்தரும் எதிர் டீமில் ஒரு ஆளைப் பிடிச்சுக்கணும். 2001-02 சீசனிலிருந்துதான் அந்தத் தடை போனது. அப்புறமும் பெரும்பாலான டீம்கள் ஸோனைத் தொடவில்லை, சின்னப் பசங்க ஆட்டம்னு ஒரு இளக்காரம். ஸோனில் ஆள் உங்க பொறுப்பு இல்லை, இடம்தான் பொறுப்பு. உங்க இடத்துக்கு யார் வந்தாலும் பார்க்கணும், அவர் போனதும் அடுத்தவரிடம் ஒப்படைக்கணும். எல்லாமே பேச்சில்தான் நடக்கும். ‘பின்னாடி வரான்’, ‘நான் பார்த்துக்கறேன்’, ‘நீ மூலைக்குப் போ’. ஒருத்தர் ஒரு நொடி வாயை மூடினாலும் ஓட்டை விழும்.

கோச் ரிக் கார்லைல் அந்த சீசனில் ஸோனை அடிக்கடி பயன்படுத்தினார். காரணம் எளிமையானது. லெப்ரானையோ வேடையோ ஒத்தைக்கு ஒத்தை ஓடிப் பிடிக்கிற கால் இவர்களிடம் இல்லை. ஆனா அடுத்த பாஸ் எங்கே போகும்னு தெரிஞ்ச தலைகள் நிறைய இருந்தன. ஓடிப் போய் நிற்பதற்குப் பதிலா, பந்து வருவதற்கு முன்னாடியே போய் நின்னுடுவாங்க.

இந்த இடத்தில் ஒரு திருத்தமும் சொல்லணும். ‘கிழட்டு டீம் ஜெயிச்சது’ என்ற கதை பாதிதான் உண்மை. அந்த ஸோனுக்கு நடுவில் கூடைக்குக் கீழே நின்று எல்லாருடைய பிழையையும் மூடியவர் டைசன் சாண்ட்லர், 28 வயசு. எதிராளி டிஃபென்ஸுக்குள் புகுந்து கிழித்த குட்டி கார்ட் ஜே. ஜே. பரேயா, 26 வயசு. ஃபைனல்ஸின் நாலாவது மேட்ச்சிலிருந்து பரேயாவைத் தொடக்க அணியில் இறக்கினார் கார்லைல், அதுக்கப்புறம் டல்லாஸ் ஒரு மேட்ச்கூடத் தோற்கவில்லை. பெரியவர்கள் யோசிக்க, சின்னவங்க ரெண்டு பேர் ஓடினாங்க. இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அந்த பிளேஆஃபில் முதல் சுற்றில் போர்ட்லாண்ட். ஒரு மேட்ச்சில் 23 பாயின்ட் முன்னிலையை விட்டுத் தோற்றார்கள். ‘பழைய டல்லாஸ் திரும்பி வந்துடுச்சு’ன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் தொடரை 4-2ன்னு முடிச்சாங்க. இரண்டாவது சுற்றில் முந்தைய இரண்டு வருஷமும் சாம்பியனான லேக்கர்ஸை 4-0. கடைசி மேட்ச் 122-86. அதில் ஸ்டோயாகோவிச் ஆறு த்ரீ-பாயின்ட்டர் எறிந்தார், ஆறும் உள்ளே. அவரை அந்த ஜனவரியில்தான் டொராண்டோ வேண்டாம்னு விடுவிச்சிருந்தது.

மூணாவது சுற்றுதான் நம்ம தலைப்புக்கான உண்மையான பரீட்சை. ஓக்லஹோமா சிட்டி தண்டர். கெவின் டுரான்ட் 22, ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 22, ஜேம்ஸ் ஹார்டன் 21, செர்ஜ் இபாகா 21. மூணு பேர் பின்னாளில் எம்.வி.பி. வாங்கப் போறவங்க! நாலாவது மேட்ச், அவர்கள் ஊரில், அஞ்சு நிமிஷம் பாக்கி, 99-84. பசங்க ஜெயிச்சாச்சுன்னு கொண்டாட ஆரம்பிச்சாங்க. இளங்கன்று பயமறியாது என்பதை நாம பாராட்டா சொல்றோம். ஆனா பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வராதது ஒரு குறையும்தான். 2006ல் 13 பாயின்ட் முன்னிலை எப்படிக் கரையும்னு பார்த்த இரண்டு பேர் எதிரில் ஆடிட்டிருந்தாங்க, நொவிட்ஸ்கியும் டெர்ரியும். அந்த டீமில் மிஞ்சியது அவங்க ரெண்டு பேர்தான். மேட்ச் 101-101ல் ஓவர்டைமுக்குப் போனது. நொவிட்ஸ்கி 40 பாயின்ட். ஓவர்டைமின் கடைசி நிமிஷத்தில் த்ரீ-பாயின்ட்டர் போட்டு முன்னிலை கொடுத்தவர் யார்னு நினைக்கறீங்க? ‘ஜே’ இல்லாத ஏசன். 112-105. தொடர் 4-1.

அப்புறம் மியாமி. முதல் மேட்ச் ஹீட்டுக்கு. நொவிட்ஸ்கிக்கு இடது நடுவிரலில் தசைநார் கிழிஞ்சது. இரண்டாவது மேட்ச், ஜூன் 2. ஏழு நிமிஷம் 14 நொடி பாக்கி இருக்கும்போது வேட் ஒரு த்ரீ-பாயின்ட்டர் போட்டார், டல்லாஸ் பெஞ்ச் கண் முன்னாடியே. ஸ்கோர் 88-73. வேட் கையை உயர்த்தி அங்கேயே நின்னார், லெப்ரான் ஓடி வந்து சேர்ந்தார், அந்தக் கொண்டாட்டம் கொஞ்சம் நீளமாவே நடந்தது. டைம்-அவுட். திரும்பி வந்து டெர்ரி ஆரம்பித்து வைத்தார். அடுத்த ஏழு நிமிஷத்தில் டல்லாஸ் 22, மியாமி 5. கடைசி ஒன்பது பாயின்ட்டும் நொவிட்ஸ்கியுடையது. 3.6 நொடி பாக்கி இருக்கையில், போஷைத் தாண்டி உள்ளே போய், கட்டுப் போட்ட அந்த இடது கையாலேயே லே-அப். 95-93.

ஹீட் அந்த ஏழு நிமிஷத்தில் என்ன செய்தது? பந்தை வெச்சுக்கிட்டு நேரத்தைக் கழிச்சு, தூரத்திலிருந்து எறிஞ்சு எறிஞ்சு பார்த்தது. வேகமா ஓடுறதுதான் அவர்களுடைய பலம், முன்னிலை வந்ததும் ஓடுறதை நிறுத்திட்டாங்க. எனக்கு அந்த மேட்ச்சில் மறக்க முடியாதது நொவிட்ஸ்கியின் ஷாட் இல்லை. 15 பாயின்ட் பின்னாடி இருக்கும்போது டல்லாஸ்காரர்கள் யாருமே அவசரப்படாததுதான். ஒரே அடியில் நாலு பாயின்ட் எடுக்க முயலவில்லை. ஒவ்வொரு பந்தாகத்தான் எடுத்தாங்க.

ஜூன் 12, மியாமியிலேயே ஆறாவது மேட்ச். முதல் பாதியில் நொவிட்ஸ்கி 12 தடவை எறிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான் உள்ளே. சுமந்தவர் டெர்ரி, மொத்தம் 27 பாயின்ட். இவர் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே கோப்பையைக் கையில் பச்சை குத்திக்கிட்ட ஆள். ஜெயிக்கலைன்னா அழிச்சிடுவேன்னு சொல்லியிருந்தார். அழிக்க வேண்டியது வரலை. 105-95.

சரி, இப்போ விலைக்கு வருவோம்.

அந்தக் கோடையில் லீகில் லாக்-அவுட். டிசம்பரில் புது ஒப்பந்தத்தோட ஆட்டம் தொடங்கியது. சம்பளத்துக்கு அதிகம் செலவழிக்கிற டீம்களுக்கு அபராத வரி கடுமையாகப் போகுதுன்னு அதில் இருந்தது. முதலாளி மார்க் க்யூபன் கணக்குப் போட்டார். சாண்ட்லருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்து, முப்பது தாண்டிய ஆட்களைத் தக்கவைத்தால் சீக்கிரம் கைகட்டிப் போகும். அதைவிட இடத்தைக் காலி செய்து வைத்தால் 2012ல் டெரான் வில்லியம்ஸ் மாதிரி ஒரு நட்சத்திரத்தைப் பிடிக்கலாம். சாண்ட்லர் நியூ யார்க் போனார், அந்த சீசனிலேயே லீகின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது வாங்கினார். பரேயா மினசோட்டா போனார். கவனிங்க, வெளியே போனவங்க அந்த டீமில் ஓடின ரெண்டு பேர். பெரியவங்க மிச்சம் இருந்தாங்க. 2012 முதல் சுற்றில் அதே ஓக்லஹோமா பசங்க 4-0ன்னு துடைச்சு எடுத்தாங்க. டெரான் வில்லியம்ஸ் டல்லாஸ் வரவில்லை, புரூக்ளினுக்கு இடம் மாறிய நெட்ஸிலேயே இருந்துட்டார். கிட் நியூ யார்க்குக்கும் டெர்ரி பாஸ்டனுக்கும் போனாங்க. மேவரிக்ஸ் அடுத்து ஒரு பிளேஆஃப் தொடரை ஜெயிச்சது 2022ல்!

க்யூபனுக்கு ஒரு நியாயம் இருந்தது, மறுக்கலை. ஆனா சாம்பியன் டீம் ஒரு தடவையாவது முழுசாத் திரும்பி ஆடுற வாய்ப்பைப் பெறணும் என்பது என் கட்சி.

டல்லாஸ் மலிவா விட்ட அதே சரக்கை இன்னொருத்தர் தலைக்கு மேல் விலை கொடுத்து வாங்கினார். 2013. புரூக்ளின் நெட்ஸ். ரஷ்யக் கோடீஸ்வர முதலாளி, புது அரங்கம், உடனே கோப்பை வேணும். பாஸ்டனிடமிருந்து 37 வயசு கெவின் கார்னெட், 35 வயசு பால் பியர்ஸ், கூடவே நம்ம ஜேசன் டெர்ரி. கொடுத்தது 2014, 2016, 2018 முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள், 2017ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. கோச் யார்? ஆடுறதை நிறுத்தி சில வாரமே ஆன ஜேசன் கிட். பாயின்ட் கார்ட் டெரான் வில்லியம்ஸ். ஊர் சுத்தி எல்லாரும் ஒரே வீட்டுக்கு வந்துட்டாங்க.

டல்லாஸ் மாயம் திரும்ப நடக்கும்னு நெனச்சிருப்பாங்க. சென்டர் புரூக் லோபஸ் டிசம்பரில் காலை உடைச்சுக்கிட்டார். கார்னெட்டின் சராசரி 6.5 பாயின்ட்டுக்கு இறங்கியது. டெர்ரி பாதி சீசனிலேயே சாக்ரமென்டோவுக்கு அனுப்பப்பட்டார். வரி மட்டும் 9 கோடி டாலர். அவ்வளவுக்கும் கிடைச்சது டொராண்டோவுக்கு எதிராக ஒரே ஒரு தொடர் வெற்றி. ஏழாவது மேட்ச், 104-103, கடைசி ஷாட்டைக் கை நீட்டித் தடுத்தவர் பியர்ஸ். அழகான தடுப்பு அது, அந்த முழு சீசனில் அவங்க வாங்கினது அந்த ஒரு கைதான். அடுத்த சுற்றில் மியாமி 4-1ன்னு அனுப்பி வைத்தது. கிட் மில்வாக்கிக்குக் கிளம்பினார், பியர்ஸ் வாஷிங்டனுக்கு.

புரூக்ளின் அனுபவத்தை ஒரு சாமான் மாதிரி வாங்கிப் பார்த்தது. டல்லாஸில் நொவிட்ஸ்கியும் டெர்ரியும் ஒரே தோல்வியை அஞ்சு வருஷம் சேர்ந்து சுமந்தவங்க. கிட் அங்கே மூணு வருஷத்துக்கு மேல் ஆடியிருந்தார். யார் எங்கே நிற்பார்னு எல்லாருக்கும் கண்ணை மூடினாலும் தெரியும். பியர்ஸும் கார்னெட்டும் அதே மாதிரி ஒரு புரிதலை பாஸ்டனில் ஆறு வருஷமா வெச்சிருந்தாங்க. அது பாஸ்டனிலேயே நின்னுடுச்சு.

அந்த டிராஃப்ட் உரிமைகள் என்ன ஆச்சுன்னு தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிட்டிருப்பீங்க. 2016 உரிமையில் பாஸ்டன் எடுத்தது ஜேலன் பிரவுனை. 2017 உரிமை முதல் இடமா வந்தது, அதை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றி மூணாவது இடத்தில் ஜேசன் டேட்டமை எடுத்தாங்க. அவங்க ரெண்டு பேரும் 2024ல் பாஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தாங்க. எதிர் டீம்? டல்லாஸ் மேவரிக்ஸ். எதிர் டீமின் கோச்? ஜேசன் கிட். இதை சினிமாவில் வெச்சா நம்ப மாட்டீங்க. ஆனா அந்த பாஸ்டன் வெறும் பசங்க டீம்னு நினைக்க வேண்டாம். நடுவில் 38 வயசு அல் ஹார்ஃபர்ட் இருந்தார், 17 சீசன் ஆடி முதல் கோப்பை. 2025ல் சாம்பியனான ஓக்லஹோமாவும் அப்படித்தான். 1977 போர்ட்லாண்டுக்குப் பிறகு இவ்வளவு இளைய சாம்பியன் வந்ததில்லை. ஆனா டென்வருக்கு எதிரான ஏழாவது மேட்ச்சில், தன்னைவிட பல அங்குலம் உயரமான நிகோலா யோகிச்சை முட்டிக்கிட்டு நின்னவர் 31 வயசு அலெக்ஸ் கரூசோ. டல்லாஸை அப்படியே தலைகீழாப் புரட்டின மாதிரி.

டல்லாஸ் என்ன பாடம் படிச்சது? 2025 பிப்ரவரி முதல் வாரம், ஃபைனல்ஸ் ஆடி எட்டு மாசம்கூட ஆகலை, 25 வயசு லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து 31 வயசு ஆந்தனி டேவிஸை முதன்மையா வாங்கினாங்க. டிஃபென்ஸ்தான் கோப்பை வாங்கிக் கொடுக்கும் என்பது ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனின் விளக்கம். டேவிஸ் முதல் மேட்ச்சிலேயே காயம். ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வெச்சு ஊர்வலம் மாதிரியே போராட்டம் நடத்தினாங்க. ஹாரிசன் அந்த நவம்பரில் பதவியிழந்தார்.

நடுவில் மே மாசம், வெறும் 1.8 சதவீத வாய்ப்பில் டிராஃப்ட் குலுக்கலின் முதல் இடம் டல்லாஸுக்கு விழுந்தது. அதில் வந்தவர் 18 வயசு கூப்பர் ஃபிளாக். ஃபார்வர்ட் ஆடுற உயரமான பையன். அக்டோபரில் சீசன் தொடங்கியதும் 52 வயசு கோச் கிட் அவரைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் பாயின்ட் கார்ட். கிட் 19 வருஷம் ஆடின அதே இடம். முதல் மேட்ச் சான் அன்டோனியோவுக்கு எதிராக, 125-92ன்னு தோல்வி. அடுத்த மேட்ச்சிலும் பந்து அந்தப் பையன் கையில்தான்.